பின்சக்கரத்தின் நான்கு சுற்றுகள்

"அத்தானுக்கு வயசாயிருச்சு" என்று என் மனைவியின் தம்பி என் காதுபடச் சொன்னது மொத்தம் பதினொரு முறை. முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பதினொன்றில் ஆறு, அன்னவாசல் சாலையில் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னவை. மூன்று, டீக்கடையில். ஒன்று, ஒரு கல்யாணப் பந்தியில், என் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தபோது. கடைசி ஒன்று தொலைபேசியில், சென்னையில் இருக்கும் என் மகனிடம். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தேதான் சொன்னார்.

இப்படி எண்ணிவைப்பது நல்ல பழக்கம் இல்லை என்று என் மனைவி சொல்வாள். என் தொழில் அப்படி. முப்பத்து மூன்று வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் எடுத்துக்கொண்டு வருவதும் வேலை. தராசுத் தட்டின் அடியில் ஒட்டிவைத்த புளியைத் தேடித் தேடியே என் கண்பார்வை போயிற்று. ஓய்வு பெற்று வருடக்கணக்காகியும் எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் மின்கம்பங்கள் பதினேழு. அதில் விளக்கு எரிவது ஒன்பது.

மைத்துனர் என்னைவிட ஆறு வயது இளையவர். டவுனில் பெயின்ட், ஆணி, குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு மலைச் சைக்கிள் வைத்திருந்தார். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் ஆயில் டிஸ்க் பிரேக். போன தை மாதம் அதை என் தலையில் கட்டினார். கட்டினார் என்று இப்போதுதான் சொல்கிறேன். அன்றைக்கு, கொடுத்தார் என்றுதான் நினைத்தேன்.

"வண்டி பாயும் அத்தான். பிரேக்கு தொட்டாப் போதும், நிக்கும். வெளியாளு நாலு பேரு கேட்டாங்க. ஒங்களுக்குன்னே வச்சிருந்தேன்."

"அப்ப ஒங்களுக்கு?"

"நான் புதுசு ஒண்ணு சொல்லியிருக்கேன். எனக்கென்ன, சின்ன வயசு."

அந்தச் 'சின்ன வயசு' என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாங்கள் நான்கு பேர் சைக்கிளில் கிளம்புவோம். நான், மைத்துனர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர். அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் விலக்கு வரைக்கும் போய், அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். குகையும் ஓவியமும் பார்க்க வருகிறவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் நாங்கள் வீடு வந்துவிடுவோம். வழியில் தைலமரக் காட்டை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. காரில் போகிறவனுக்கு அது மேடு என்றே தெரியாது. சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியும்.

தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதமும் அந்த மேட்டில் நான்தான் கடைசி. மற்ற மூவரும் பேசிக்கொண்டே ஏறுவார்கள். நான் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டு ஏறுவேன். தொடை எரியும். பின்னால் எங்கோ 'ஸ்ஸ்' என்று மெல்லிய ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால், அது வண்டியிலிருந்து வருகிறதா, என் நெஞ்சிலிருந்து வருகிறதா என்றே சந்தேகம்.

ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். "மாப்ள, பின்னாடி என்னமோ உரசுற மாதிரி இருக்கே?"

"டிஸ்க்குன்னா உரசத்தான் செய்யும் அத்தான். அதுவும் வண்டியில உரசல, ஒங்க முட்டியில உரசுது. வயசாயிருச்சுல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அதையும் நான் மறக்கவில்லை. அன்றைக்கு டீயில் சர்க்கரையும் அதிகம்.

நானும் நம்பினேன் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். டாக்டரிடம் போனேன். இதயத்தைப் படம் பிடித்தார், ரத்தம் எடுத்தார். "வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். 'வயசுக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். அன்று முதல் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தேன். மனைவி தேங்காய் உரித்துத் தரச் சொன்னால், நாளைக்கு என்றேன். ஒரு மனிதனை வயதாகிவிட்டது என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தால் அவனுக்கு வயதாகிவிடும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. அன்றைக்குக் காற்றே இல்லை. தைலமர மேட்டில் பாதி ஏறியதும் கால் நின்றுவிட்டது. இறங்கி வண்டியை உருட்டினேன். மேலே போய்விட்ட மைத்துனர் திரும்பி வந்தார். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே தொலைபேசியை எடுத்து, என் மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"மருமகனே, ஒங்கப்பா நடுரோட்டுல வண்டிய உருட்டிக்கிட்டு நிக்கிறாரு. அத்தானுக்கு வயசாயிருச்சுப்பா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, கூட்டிக்கிட்டுப் போன எனக்குத்தான் கெட்ட பேரு."

"அப்பா, போதும்ப்பா," என்றான் மகன். "வீட்டுக்குள்ள நடங்க. மாமா, அந்த வண்டிய யாருக்காவது குடுத்துருங்க."

"கீரமங்கலத்துல ஒரு பூ வியாபாரி கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு பையனுக்கு வேணுமாம். ஒரு சொல்லு சொன்னா வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாரு."

என் வண்டிக்கு, என்னைக் கேட்காமல், நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே ஆள் பேசி முடித்துவிட்டார்கள். அன்று மாலை வீட்டில் பஞ்சாயத்து. என் மனைவி இரண்டு பக்கமும் பேசாதவள் மாதிரி உட்கார்ந்திருந்து, கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. மேட்டுல எறங்காம போயிட்டு வந்தா வண்டி இருக்கட்டும். எறங்குனா கீரமங்கலத்துக்குப் போகட்டும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

"நானே சாட்சி அக்கா," என்றார் மைத்துனர். சொல்லிவிட்டு என் முழங்காலைப் பார்த்தார்.

அந்த வண்டி போனால் எனக்கு ஞாயிறு இல்லை. ஞாயிறு இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளும் எனக்கு ஒன்றுதான். அதற்குமேல், அவர் சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் கொக்கிகள் சும்மா தொங்குவதைப் பார்த்தேன். ஒரு தராசு மந்தமாக இருக்கிறது என்றால் நாங்கள் முதலில் செய்வது, அதைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கவிட்டு, சும்மா ஆடவிட்டுப் பார்ப்பதுதான். தட்டில் வைப்பது எடைக்கல்லா, காய்கறியா என்ற பேச்சே அப்புறம். வெறும் தராசு எத்தனை ஆட்டம் ஆடுகிறது? மூன்று மாதமாக நான் என்னைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். நான் ஏறாமல், வெறும் வண்டியை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

கயிறு போட்டு வண்டியைக் கொக்கியில் மாட்டினேன். முன்சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினேன். வால்வு மேலே வரும்போதெல்லாம் எண்ணினேன். நாற்பத்தொரு சுற்று. பின்சக்கரத்தை அதே அளவு தள்ளினேன்.

நான்கு.

மறுபடியும் தள்ளினேன். நான்கு. மூன்றாம் தரம் பலமாகத் தள்ளினேன். நாலேகால்.

எனக்கு முதலில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. அது காலிலிருந்து ஏறி வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் கால்தானே மூன்று மாதம் பழி சுமந்தது.

கோபத்தில் முடிவு கட்டக் கூடாது, சோதித்துத்தான் கட்ட வேண்டும். உரசுவது பிரேக்தானா, வேறு ஏதாவதா என்று பார்த்தேன். தெரியாதவர்களுக்காக இந்த பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவில் ஒரு சிறு தட்டு அகலத்துக்கு மெல்லிய இரும்பு வட்டு இருக்கும். அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் கவ்வியபடி ஓர் இடுக்கி. அதற்குக் காலிப்பர் என்று பெயர். இடுக்கிக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேட். நாம் லீவரை அழுத்தினால் குழாய் வழியாக ஆயில் போய், பிஸ்டன் என்ற இரண்டு குட்டி உருளைகளைத் தள்ளும். அவை பேடைத் தள்ளும். பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். கையை எடுத்தால் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்வாங்க வேண்டும். அந்த மயிரிழையில்தான் சைக்கிள் ஓடுகிறது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, டிஸ்க்கை விட்டு அதை அப்பால் தள்ளிவைத்து, சக்கரத்தைச் சுற்றினேன். முப்பத்தொன்பது சுற்று. ஆகவே குற்றவாளி பிரேக்தான். சந்தேகமே இல்லை.

திரும்ப மாட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இது ஆயில் பிரேக்கு சார். வயர் பிரேக்குன்னா முடிச்சு விட்டுருவேன். இதுல ஆயில் எறங்கிருச்சுன்னா பிரேக்கே நிக்காது. திருச்சிக்குக் கொண்டு போயிருங்க." பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "இது பெயின்ட் கடைக்காரரு வண்டில்ல? மார்கழியில அவரும் கொண்டாந்தாரே" என்றார்.

"என்னன்னு கொண்டாந்தாரு?"

"வண்டி கனமா இருக்கு, மிதிக்க முடியலன்னாரு. காத்து அடிச்சுக் குடுத்தேன். அதுக்கும் சரியா வரலன்னு ரெண்டாவது வாட்டியும் வந்தாரு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் கேட்டேன், உன் தம்பிக்கு மார்கழியில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று. அவள் முகம் மாறிற்று.

"ஒங்களுக்கு யாரு சொன்னா? யாருக்கும் சொல்லாதேன்னான். மூச்சு வாங்குதுன்னு திருச்சிக்குப் போயி நெஞ்சு டெஸ்ட் எல்லாம் எடுத்தான். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வண்டி கனமாக இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். பிறகு வண்டியில்லை, தன் நெஞ்சுதான் என்று பயந்தார். நான் பயந்த அதே பயம். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். வண்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் புது வண்டியில் ஏறினார். ஏறிய அன்றைக்கே, முதல் மேட்டிலேயே, அவருக்கு விடை தெரிந்திருக்கும். குற்றம் பழைய வண்டியில் இருந்தது என்று தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு பதினொரு முறை சொன்னார்.

தெரியாமல் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

திருச்சிக்குப் போகவில்லை. கூடத்தில் செய்தித்தாளை விரித்து நானே உட்கார்ந்தேன். கைபேசியில் யாரோ ஒருவர் இதைச் செய்து காட்டுவதை நான்கு தடவை பார்த்திருந்தேன். முதலில் எளிய வழி. காலிப்பரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவரை இறுக்கி அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அப்படியே போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினேன். இடுக்கி கோணலாக இருந்தால் இதில் நடுவுக்கு வந்துவிடும். சுற்றினேன். ஏழு. நான்குக்கு ஏழு தேவலாம், ஆனால் மேடு ஏழில் ஏறாது.

டார்ச்சைப் பின்னால் பிடித்து, வெள்ளைத்தாளை வைத்து, இடுக்கியின் உள்ளே பார்த்தேன். வலப்பக்கம் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. இடப்பக்கம் இருட்டு. மனைவியை லீவரை அழுத்தி விடச் சொன்னேன். வலப்பக்கப் பேட் போய்ப் போய் வந்தது. இடப்பக்கப் பேட் அசையவே இல்லை. ஏற்கெனவே டிஸ்க்கை ஒட்டிக்கொண்டு நின்றது. பிடித்ததை விடாமல் உட்கார்ந்திருந்தது.

சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரம் இல்லாதபோது லீவரைத் தொடவே கூடாது. தொட்டால் பிஸ்டன் இரண்டும் வெளியே வந்துவிடும். இதை நான் மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். "நான் ஏங்க அதத் தொடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஹேண்டில்பாரில் துண்டைக் காயப்போட வந்தாள். அதில் ஒரு சண்டை.

பேட் இரண்டையும் உருவினேன். உள்ளே இடப்பக்கப் பிஸ்டனைச் சுற்றி என்னமோ அப்பியிருந்தது. சேறு என்று நினைத்தேன். பஞ்சுக்குச்சியால் சுரண்டினேன். சேறு செம்மண் நிறமாக இருக்கும், இந்த ஊரில் வேறு நிறச் சேறு கிடையாது. இது மஞ்சள். நடுவில் சிவப்பு. காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன்.

சந்தனம்.

என் தொழிலில் ஆயுத பூசை முடிந்த வாரம்தான் வேலை அதிகம். கடைக்காரர்கள் பூசைக்குத் தராசைக் கழுவித் துடைத்து, கிடைத்த இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். தண்டில் வைத்தால் ஒன்றும் இல்லை. நடுவில் தண்டு உட்காரும் கத்திமுனையில் வைத்துவிட்டால், அது வழிந்து காய்ந்து, தராசு நோய் பிடித்த மாதிரி ஆகிவிடும். நூறு கிராம் வைத்தாலும் அசையாது. சிலர் பக்தியில் வைப்பார்கள். சிலர் சரக்குத் தட்டின் அடியில் மட்டும் தாராளமாக வைப்பார்கள். கேட்டால், "சாமி காரியம் சார்" என்பார்கள். நான் வாதாட மாட்டேன். கழுவச் சொல்லுவேன். கழுவிய தராசில் மறுபடி நிறுக்கச் சொல்லுவேன். அப்போது தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் தெரிந்துவிடும்.

மைத்துனர் கடையில் ஆயுத பூசை பிரமாதமாக நடக்கும். தராசு, கல்லாப்பெட்டி, கால்குலேட்டர், ஸ்கூட்டர், சைக்கிள் எதையும் விட மாட்டார். எங்கே பளபளப்பு இருக்கிறதோ அங்கே மூன்று விரலால் ஒரு பொட்டு. பிறகு பன்னீர் தெளிப்பார். இடுக்கியில் வைத்த சந்தனம் பன்னீரில் கரைந்து உள்ளே இறங்கி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை என்று இறுகி, மார்கழியில் அவரைத் திருச்சிக்கு அனுப்பி, தையில் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

வண்டி கனம் என்று அவருக்குத் தெரியும். ஏன் கனம் என்று அவருக்குத் தெரியாது. அது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்து பஞ்சுக்குச்சிகளால் துடைத்தேன். இருபத்திரண்டு குச்சி ஆயிற்று. நல்ல பிஸ்டனை மரக்கரண்டியின் காம்பால் நகராமல் பிடித்துக்கொண்டு, தொடக் கூடாத அந்த லீவரை நானே மிக லேசாக அழுத்த, ஒட்டியிருந்த பிஸ்டன் கொஞ்சம் வெளியே வந்தது. அதன் ஓரத்தைத் துடைத்து, பிரேக்குக்குள் ஓடும் அதே ஆயிலில் ஒரு பொட்டு தொட்டுவைத்து, கரண்டிக் காம்பால் மெதுவாக உள்ளே தள்ளினேன். வேறு எண்ணெய் ஆகாது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் உப்பிவிடும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய, ஆறாவது முறை அந்தப் பிஸ்டன் தானாகவே பின்வாங்கியது. மனைவி அதைப் பார்த்து, "கொழந்த நாக்க உள்ள இழுக்குற மாதிரி இருக்கு" என்றாள். பேட் இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்து, எல்லாவற்றையும் மாட்டினேன்.

முப்பத்து மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டிக்' என்றது. விடாமல் உரசினால் இடுக்கியில் குற்றம், சுற்றுக்கு ஒரு முறை உரசினால் டிஸ்க்கில் நெளிவு. அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சுத்தமான துணியால் பிடித்து, விரலால் இம்மி அளவு வளைத்தேன். முப்பத்தெட்டு. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சுரண்டிய சந்தனத்தைச் செய்தித்தாளில் பார்த்ததும் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "சாமி சந்தனம். கால் படாத எடத்துல போடுங்க," என்றாள். பிறகு, "தம்பிக்கிட்டச் சொல்லிருவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

அவள் கண் கலங்கிற்று. என்னை நல்லவன் என்று நினைத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. நான் கிளம்பும்போது மைத்துனர், "அத்தான், கீரமங்கலத்துக்காரரு பத்து மணிக்கு வண்டி கொண்டாரேன்னாரு" என்றார். "வரட்டும்" என்றேன். தைலமர மேடு வரைக்கும் வேண்டுமென்றே அவருக்குப் பின்னாலேயே போனேன். இஞ்சின் அணைத்த கார் மாதிரி வண்டி ஓடிற்று. சத்தமே இல்லை. பல இடங்களில் மிதிக்காமலே போனேன். மேட்டில் அவர் மூச்சு கேட்கத் தொடங்கியதும் பக்கத்தில் வந்தேன். ஒரு வாரமாகத் தயார் செய்த வாக்கியம் வாயில் இருந்தது.

"என்ன மாப்ள, மூச்சு வாங்குது? எறங்கி உருட்டுறீங்களா?"

பதிலுக்கு நான் நிற்கவில்லை.

அவர் டீக்கடைக்கு வந்தபோது நான் முதல் டீயைக் குடித்து முடித்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இறங்கியதும் நேராக என் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார். கால்நடை மருத்துவர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. நான் மைத்துனரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவிய தராசில் மறுபடி நிறுக்கும் கடைக்காரரின் முகம்.

"வண்டிய என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுறது? காத்து அடிச்சேன்."

"காத்து அடிச்சதுக்கா இப்படி?"

"ஏன் மாப்ள, முன்னாடி வண்டியில ஏதும் கோளாறு இருந்துச்சா என்ன?"

அவர் திரும்பி ஒரு டீ சொன்னார். அங்கேயே மகனுக்கு நான் தொலைபேசி போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவரிடம் நீட்டினேன். சாட்சி அவர்தானே.

"எறங்கல," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க மாப்ள. லைன் சரியில்ல."

"ஒங்கப்பா எறங்கலப்பா. மொத ஆளா வந்துட்டாரு." தலைமையாசிரியர் சிரித்தார். இந்த முறை யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கீரமங்கலத்துக்காரர் வெறும் வண்டியோடு திரும்பிப்போனார். என் மனைவி அன்றைக்குப் பருப்பு வடை சுட்டாள். எல்லாரும் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். பதினொன்றுக்கு ஒன்று என்பது எந்தத் தராசில் சமம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆயுத பூசை வந்தது. வழக்கம்போலக் கடைக்குக் கூப்பிட்டார்கள், போனோம். பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று. மைத்துனர் குளித்துத் திருநீறு பூசி, சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொருளாக வந்தார். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூடவே வர ஆள் இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். கல்லா, தராசு, ஸ்கூட்டர். பிறகு புது சைக்கிள். ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று, மணியில் ஒன்று. பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். புது டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னிற்று. கை இடுக்கிக்குப் பக்கத்தில் நின்றது.

"இங்கிட்டும் வைக்கவா அத்தான்? போன வருசம் வச்சேன்."

அந்த நேரத்தில் எனக்கு மனம் அலைபாய்ந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அலைபாயவில்லை. பிரேக் பிடிக்காமல் போய் அடிபடுமோ என்பதை மட்டும் யோசித்தேன். அந்தச் சந்தனத்தோடு மூன்று மாதம் அன்னவாசல் சாலையில் ஏறி இறங்கியவன் நான். ஒரு நாளும் அது பிடிக்காமல் போகவில்லை. விடாது, அவ்வளவுதான்.

"வைங்க மாப்ள. அதுதான முக்கியமான எடம். நல்லாப் பெருசா வைங்க," என்று கிண்ணத்தை நீட்டினேன்.

வைத்தார். பன்னீரும் தெளித்தார். என் மனைவி தூரத்திலிருந்து, நானும் அவள் தம்பியும் ஒன்றாகக் குனிந்து நிற்பதைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போன வாரம், தைலமர மேட்டில், மைத்துனர் எங்கள் மூவருக்கும் பின்னால் வந்தார். டீக்கடையில், மற்ற இருவரும் வடை வாங்கப் போனபோது என் பக்கம் சாய்ந்தார்.

"அத்தான், பின்னாடி என்னமோ உரசுற மாதிரி இருக்கு."

"டிஸ்க்குன்னா உரசத்தான் செய்யும் மாப்ள," என்றேன். "வயசாயிருச்சுல்ல."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். நேற்று மனைவி கவலையோடு வந்து, தம்பி மறுபடியும் திருச்சிக்கு நெஞ்சு பார்க்கப் போகிறானாம் என்றாள். போகட்டும். நல்ல டாக்டர், ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்புவார். அன்றைக்கு மேட்டில் நான் சொன்னது ஒன்று, இப்போது டீக்கடையில் சொன்னது ஒன்று. இரண்டு ஆயிற்று. இன்னும் ஒன்பது இருக்கிறது.